நின்றுபோன குறுநாவலும் 78 சீட்டுகளும்

கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரைப் பற்றிய குறுநாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு அத்தியாயங்கள் தடையின்றி வந்தன. ஐந்தாவது அத்தியாயத்தில், தந்தை இறந்த பிறகு அவர் பழைய வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், கதை நின்றுவிட்டது. எட்டு மாதங்களில் அந்த அத்தியாயத்தின் தொடக்கத்தை 11 முறை எழுதி, 11 முறையும் கிழித்துப் போட்டேன். அந்தத் தேக்கத்தை அவிழ்ப்பதற்காக, குறி பார்க்கப் பயன்படும் டாரட் என்ற படச் சீட்டுகளையும், பின்னர் நானே வெட்டி ஒட்டிச் செய்துகொண்ட ஆரக்கிள் சீட்டுகளையும் கையாண்டு பார்த்தபோது எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதைக் குறிப்பேட்டில் இருந்தபடியே இங்கே எழுதுகிறேன்.

சீட்டுகள் வரப்போவதை அறியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அந்த நம்பிக்கை உடையவர்களோடு வழக்காடும் எண்ணமும் இல்லை. நான் தேர்ந்தெடுக்காத ஒரு படம் ஒவ்வொரு நாள் காலையிலும் என் முன்னே வந்து விழ வேண்டும் என்பது மட்டுமே எனக்கு வேண்டியிருந்தது. எழுதுவதற்கு உட்காரும்போது மனம் எப்போதும் ஒரே வாசல் வழியாகவே கதைக்குள் நுழைய முயல்கிறது என்பதையும், அந்த வாசல் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் 11 தொடக்கங்கள் எனக்குக் கற்பித்திருந்தன.

முதல் பிழை சீட்டுக்கட்டிலேயே நேர்ந்தது. கைக்குக் கிடைத்தது மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டு. டாரட் கட்டு ஒன்றில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றில் 22 சீட்டுகள் ‘மேஜர் அர்கானா’ எனப்படும் தனிப் படங்கள். மீதி 56 சீட்டுகள் கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு இனங்களாகப் பிரியும் ‘மைனர் அர்கானா’. ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகளும், ஏவலன், வீரன், அரசி, அரசன் ஆகிய நான்கு ஆள் சீட்டுகளும் இருக்கும். மார்செய் வகையில் எண் சீட்டுகளில் மனிதர்களே கிடையாது. ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகளும் சில பூங்கொடிகளும், ஏழு வாள் என்றால் வளைந்து பின்னிய வாள்களும்தாம் தெரியும். முதல் நான்கு நாள்களில் மூன்று முறை எனக்கு எண் சீட்டு வந்தது. “ஏழு வாள்கள்” என்று எழுதிவிட்டு அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

குறை அந்தக் கட்டினுடையது அன்று. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரட் தோன்றியது சீட்டாட்டத்துக்காகவே; ஆடுபவருக்கு இனமும் எண்ணும் தெரிந்தால் போதும், காட்சி தேவையில்லை. இதைக் குறி சொல்லும் கருவியாகக் கொள்ளும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் பரவியது. பண்டைய எகிப்தின் ஞானம் இந்தச் சீட்டுகளில் ஒளிந்திருக்கிறது என்று 1781இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் அவரிடம் இல்லை என்றாலும், ஒரு விளையாட்டுப் பொருளை நின்று பார்க்க வேண்டிய பொருளாக மாற்றியதில் அந்த எழுத்துக்குப் பங்கு உண்டு.

ஐந்தாம் நாள் கட்டை மாற்றினேன். லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் 1909இல் வெளியிட்ட கட்டின் மறுபதிப்பு அது. திட்டம் ஏ. ஈ. வெயிட் என்பவருடையது, படங்கள் அனைத்தையும் வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். 40 எண் சீட்டுகளிலும் அவர் மனிதர்களையோ நிலத்தையோ வானிலையையோ வரைந்திருப்பதால், எந்தச் சீட்டு வந்தாலும் அதில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். இங்கே ஒரு சிறு விலகலுக்கு இடம் கேட்கிறேன். எண் சீட்டுகளிலும் காட்சிகள் வரையப்பட்ட ‘சோலா புஸ்கா’ என்ற 15ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டின் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அந்தக் கட்டில் பத்து வாள்களை அள்ளிக்கொண்டு குனிந்து நிற்கும் ஆளையும், ஸ்மித்தின் படத்தில் பத்துக் கோல்களைச் சுமந்து குனிந்து நடக்கும் ஆளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எங்கிருந்து எதை எடுத்து எங்கே வைத்தார் என்பது தெளிவாகத் தெரிகிறது. வாளைக் கோலாக மாற்றியதும் அந்த ஆள் போர்வீரன் என்ற நிலையிலிருந்து கூலியாளாகிவிடுகிறான். முழு வேலையையும் அவர் சில மாதங்களுக்குள் முடித்தார். மிகப் பெரிய வேலைக்கு மிகக் குறைந்த பணம் கிடைத்தது என்று அந்த ஆண்டே தம் நண்பருக்குக் கடிதம் எழுதினார். படைப்பு மனநிலை வாய்க்கட்டும் என்று எட்டு மாதம் காத்திருந்த எனக்கு இந்தச் செய்தி கொஞ்சம் வெட்கத்தைத் தந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இனி செய்முறைக்கு வருகிறேன். முதல் வாரத்தில் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் “இந்த நாவல் முடியுமா?”, “நான் எழுதுவது சரியா?” என்ற வகையின. ஆம் அல்லது இல்லை என்று முடியும் கேள்விக்குப் படம் பதில் சொல்லாது. நாம்தான் நமக்குப் பிடித்த பதிலைப் படத்தின் வாயில் வைத்துவிடுகிறோம். அதைவிட மோசமான பழக்கம், சீட்டைத் திருப்பியவுடன் கட்டோடு வந்த கையேட்டைத் திறந்து அதன் பொருளைப் படிப்பது. “நீங்கள் ஒரு மாற்றத்தின் வாயிலில் நிற்கிறீர்கள்; பழையதை விட அஞ்சுகிறீர்கள்” என்று இருக்கும். உண்மைதானே என்று தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டை மூடுவேன். உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1948இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு அவரவர் ஆளுமை விவரம் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே வாசகம். அதையும் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு சோதிட நூலிலிருந்து தொகுத்திருந்தார். தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் ஐந்துக்கு இட்ட மதிப்பெண்ணின் சராசரி 4.26. என் தலையாட்டல் அந்த 39 பேரின் தலையாட்டலே என்று உணர்ந்த அன்று கையேட்டை ஓர் உறையில் போட்டு ஒட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். ஆறு வாரம் கழித்துத்தான் அதைப் பிரித்தேன்.

கையேடு போன பிறகு எஞ்சிய முறை மிக எளியது. சமையல் மேசையில் 12 நிமிடக் கடிகாரத்தை ஓடவிட்டு ஒரே ஒரு சீட்டை எடுப்பேன். முதல் ஐந்து நிமிடம் படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும். “துக்கம்”, “நம்பிக்கை” போன்ற சொற்களுக்கு அனுமதி இல்லை. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் நிற்கிறார், அவருக்கு முன்னே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, பின்னே இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. இந்த அளவில்தான் எழுத்து நிற்க வேண்டும். அடுத்த ஐந்து நிமிடம், “இந்தப் படத்தில் இருப்பது என் ஐந்தாம் அத்தியாயத்தில் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை?” என்ற ஒரே கேள்விக்குப் பதில் எழுதுவேன். கடைசி இரண்டு நிமிடத்தில் அன்றைக்கே செய்து முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலையை எழுதி, சீட்டைக் கட்டுக்குள் திரும்ப வைத்துவிடுவேன்.

சீட்டைக் கலைப்பதிலும் ஒரு பாடம் இருந்தது. டாரட் சீட்டு சுமார் 70 மி.மீ. அகலமும் 120 மி.மீ. உயரமும் உடையது, சாதாரண விளையாட்டுச் சீட்டைக் கலைப்பதுபோல இரு பாதிகளாகப் பிரித்து நடுவில் வளைத்துச் சரசரவென்று கோக்க முயன்றபோது, மூன்றாம் நாளிலேயே சில சீட்டுகளின் நடுவில் மெல்லிய மடிப்பு விழுந்துவிட்டது. மடிப்பு விழுந்த சீட்டு, கவிழ்ந்து கிடக்கும்போதே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கையும் அறியாமல் அதைத் தவிர்க்கும் அல்லது நாடும். அதன் பிறகு எல்லாச் சீட்டுகளையும் மேசைமேல் கவிழ்த்துப் பரப்பி, மாவு பிசைவதுபோல இரு கைகளாலும் ஒரு நிமிடம் அளைந்து, திரட்டி அடுக்கும் முறைக்கு மாறினேன். அழகற்ற முறை என்றாலும் இதில் சீட்டு கெடுவதில்லை, சில சீட்டுகள் தலைகீழாகவும் திரும்பிவிடுகின்றன. தலைகீழாக வந்த சீட்டுக்குத் தனிப் பொருள் சொல்லும் மரபு உண்டு. நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தலைகீழான படத்தை அப்படியே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பிறகு நிமிர்த்துவேன். ஓவியம் பயில்பவர்கள் படத்தைக் கவிழ்த்து வைத்து வடிவங்களைப் பார்ப்பார்கள் அல்லவா, அதே பயன் இதிலும் கிடைத்தது. முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும் கண், படம் தலைகீழானவுடன் ஓரங்களுக்குப் போகிறது.

ஒன்பதாம் நாள் கோல் பத்து வந்தது. அந்த ஆளின் முகம் கோல்களுக்குள் புதைந்திருக்கிறது. போய்ச் சேர வேண்டிய ஊர் தொலைவில் தெரிகிறது, ஆனால் அவனால் அதைப் பார்க்க முடியாது. என் அத்தியாயத்தில் அப்படி யாருடைய பார்வையை எது மறைக்கிறது என்று எழுதியபோது, வீடு திரும்பும் அந்த ஒரே காட்சிக்குள் தந்தையின் மரணம், கடை விற்பனை, ஒரு பழைய காதல், தொலைந்த சுவர்க்கடிகாரம் என்று நான்கு சுமைகளை ஏற்றிவைத்திருக்கிறேன் என்பது பட்டியலாகவே வெளிவந்தது. அன்றைய சிறு வேலை, காதலைப் பற்றிய பகுதியை வெட்டித் தனிக் கோப்பில் போடுவது. மூன்று பக்கம் போயிற்று. இன்றுவரை அதைத் திரும்ப எடுக்க வேண்டிய தேவை வரவில்லை.

எல்லா நாளும் இப்படி அமைந்தன என்று யாரும் எண்ண வேண்டாம். கோபுரச் சீட்டு வந்த நாளில் இடியும் கோபுரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் ஆர்வமாக எழுதிவிட்டு அதற்குப் பிறகு ஒரு சொல்லும் நகரவில்லை. மேஜர் அர்கானாச் சீட்டுகள் பொதுவாகவே எனக்குப் பெரிதும் உதவவில்லை. மரணம், சூரியன், உலகம் என்று பெயரே பொருளை உரக்கச் சொல்லிவிடுவதால், பார்ப்பதற்கு முன்பே முடிவு கட்டிவிடுகிறோம். பெயர் இல்லாமல் எண் மட்டும் உள்ள சீட்டுகளே என்னைப் பார்க்க வைத்தன. டாரட்டை அறிந்தவர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் சொல்லக்கூடும். என் நோக்கம் வேறு என்பதால் என் முடிவும் வேறு.

14ஆம் நாள் ஒரு தவறு செய்தேன். வந்த சீட்டு பிடிக்கவில்லை. உடனே இன்னொன்றை எடுத்தேன், அதுவும் பிடிக்காமல் மூன்றாவதையும் எடுத்தேன். மூன்றாவது சீட்டு நான் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததை வழிமொழிந்தது. அன்றைய குறிப்பு முழுவதும் பழைய வாசலிலேயே போய் நின்றது. ஒரு நாளுக்கு ஒரு சீட்டு, அது எதுவானாலும் அதுவே என்ற விதியை அன்றே குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதி ஒட்டினேன். பிடிக்காத சீட்டு வந்த நாள்களில், அது ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுவதையே அந்த நாளின் வேலையாக வைத்துக்கொண்டேன்.

கோப்பை நான்கு எனக்கு மூன்று முறை வந்தது. மரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞன், அவன் முன்னே மூன்று கோப்பைகள், மேகத்திலிருந்து நீளும் ஒரு கை தருகிற நான்காவது கோப்பையை அவன் பார்ப்பதே இல்லை. மூன்றாம் முறை வந்தபோது முதுகில் ஒரு சிலிர்ப்பு ஓடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 78 சீட்டுகளில் ஒவ்வொரு நாளும் ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தால், 11ஆம் நாளுக்குள் ஏதாவது ஒரு சீட்டு மறுபடி வருவதற்கான வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. 42 நாள்களில் சராசரியாகச் சுமார் 33 வெவ்வேறு சீட்டுகள்தாம் வரும். ஏதேனும் ஒரு சீட்டாவது மூன்று முறை தலைகாட்டுவது முற்றிலும் எதிர்பார்க்கத்தக்கது. எனக்கு வந்தவை 31. சிலிர்ப்பு அடங்கியது; ஆனால் மூன்று முறை ஒரே படத்தை விவரிக்க நேர்ந்ததால் ஒரு நன்மை விளைந்தது. மூன்று விவரிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் படித்தபோது, மூன்றிலும் நான் இளைஞனின் கட்டிய கைகளிலிருந்தே தொடங்கியிருந்தேன். மேகத்திலிருந்து நீளும் அந்தக் கையை, படத்தில் அவ்வளவு வெளிப்படையாக இருப்பதை, இரண்டாம் முறை எழுதவே இல்லை.

அதன் பிறகுதான் குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டி எண்ணிப் பார்க்கத் தோன்றியது. ஆறு வாரம் முடிந்த பின் கணக்கு இப்படி இருந்தது: 42 விவரிப்புகளில் 27 மையத்தில் இருக்கும் ஆளின் கைகளிலிருந்து தொடங்கின. ஒன்றுக்கு மேற்பட்ட மனிதர்கள் இருந்த படங்கள் 13; அவற்றில் இரண்டாம் ஆளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருந்தது நான்கில் மட்டுமே. நாணயம் மூன்று என்ற சீட்டில், தேவாலய வளைவின் கீழே பலகைமேல் நின்று ஒரு சிற்பி கல்லில் வேலை செய்கிறான். அவன் எதிரே ஒரு துறவியும், தலையை மூடிய அங்கி அணிந்த ஒருவரும் நிற்கிறார்கள், அங்கி அணிந்தவர் கையில் கட்டட வரைபடம் இருக்கிறது. 22ஆம் நாள் நான் அந்தச் சீட்டுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்: சுத்தியைப் பிடித்த விதம், மணிக்கட்டின் வளைவு, மேலங்கி. வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என் பக்கத்தில் இல்லவே இல்லை.

குறுநாவலை எடுத்து அதே கண்ணோடு படித்தேன். நான்கு அத்தியாயங்களிலும் பழுதுபார்ப்பவரின் விரல்கள், இடுக்கி, கண்ணில் செருகிய பூதக்கண்ணாடி, பல்சக்கரங்கள். நன்றாகவே வந்திருந்தன. ஆனால் அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. தந்தையின் கடைசி ஆண்டுகளில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். நான்கு அத்தியாயங்களிலும் அந்த அண்ணன் “வெளியே போயிருந்தார்”, “தூங்கிக்கொண்டிருந்தார்”, “கடிதம் எழுதியிருந்தார்”. ஐந்தாவதில் அவர் நேரில் வந்தே ஆக வேண்டும். 11 தொடக்கங்களிலும் நான் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதாநாயகனைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். கதவு எப்படித் திறக்கும்?

இந்த இடத்தில் சீட்டு எனக்குச் சொன்னது என்ன என்று யாராவது கேட்டால், நாணயம் மூன்று எதையும் சொல்லவில்லை என்பதே நேர்மையான விடை. ஒரு படத்தை ஐந்து நிமிடம் பார்த்த என் கண் எதை விட்டுவிட்டது என்பதற்கு எழுத்து வடிவில் ஒரு சாட்சி கிடைத்தது, அவ்வளவே. கையேடு திறந்திருந்தால் அந்தச் சீட்டுக்குக் “கூட்டு உழைப்பு” என்று போட்டிருக்கும். ஆறு வாரத்துக்குப் பின் உறையைப் பிரித்துப் பார்த்தேன், அப்படித்தான் போட்டிருந்தது. அதைக் காலையிலேயே படித்திருந்தால் நல்ல அறிவுரை என்று தலையாட்டியிருப்பேன். அங்கியாளை நான் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதன் பிறகு முறையில் ஒரு மாற்றம் செய்தேன். விவரிப்பைப் படத்தின் மையத்திலிருந்து தொடங்கக் கூடாது. நான்கு ஓரங்களில் ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்கி உள்ளே வர வேண்டும். கேள்வியையும் என்னிடமிருந்து எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன்: “இந்தப் படத்தில் அண்ணன் எங்கே நிற்கிறார்?” முதல் நாளே வாள் எட்டு வந்தது. கண்ணும் உடலும் கட்டப்பட்ட பெண் ஒருத்தி, அவளைச் சுற்றி மண்ணில் ஊன்றிய வாள்கள், காலடியில் தேங்கிய நீர், பின்னே குன்றின்மேல் ஒரு கோட்டை. ஓரத்திலிருந்து தொடங்கியதால் முதலில் எழுதியது கோட்டையை. அவளைக் கட்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள் போலும், காவலுக்குக்கூட யாரையும் விட்டுவைக்கவில்லை என்று எழுதினேன். அவள் பாதங்கள் கட்டப்படவில்லை என்பது அதற்குப் பிறகே கண்ணில் பட்டது. அண்ணன் அந்த வீட்டைவிட்டு எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம், யாரும் அவரைக் காவல் காக்கவில்லை, இருந்தும் 20 ஆண்டுகளாகப் போகவில்லை என்ற எண்ணத்தோடு அன்று மாலை உட்கார்ந்தேன். அண்ணன் கதவைத் திறந்து, “கால் கழுவிட்டு வா” என்றார். ஐந்தாம் அத்தியாயத்தின் பன்னிரண்டாம் தொடக்கம் அது.

ஏழாம் வாரத்தில் ஆரக்கிள் சீட்டு செய்யும் ஆசை வந்தது. டாரட்டுக்கு 78 என்ற கட்டமைப்பு உண்டு; ஆரக்கிள் கட்டுக்கு அப்படி எந்த வரையறையும் இல்லை, எத்தனை சீட்டு, என்ன படம், என்ன சொல் என்பதெல்லாம் செய்பவர் விருப்பம். நான் 36 என்று முடிவு செய்ததற்குத் தத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் கொண்டது, மூன்றுக்கு மூன்றாக வெட்டினால் 70க்கு 99 அளவில் ஒன்பது சீட்டுகள் துணுக்கும் மிஞ்சாமல் வரும், நான்கு தாளுக்கு 36. ஜெர்மனியின் நியூரெம்பெர்க்கில் 1799ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஒரு விளையாட்டிலிருந்து கிளைத்த ‘லெனார்மாண்ட்’ என்ற குறி பார்க்கும் கட்டுகளிலும் 36 சீட்டுகளே என்பது பின்னர்தான் நினைவுக்கு வந்தது.

சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 ஜிஎஸ்எம்) எடை கொண்ட தாளை எஃகு அளவுகோல் வைத்துக் கத்தியால் வெட்டினேன். ஒரே அழுத்தில் வெட்ட முயன்றால் விளிம்பு பிசிறடிக்கும். லேசாக மூன்று முறை இழுத்தால் சுத்தமாக வரும். பழைய இதழ்களிலிருந்து வெட்டிய படங்களை மேலே ஒட்டினேன். நீர் கலந்த பசை என்பதால் மறுநாள் காலையில் 36 சீட்டுகளும் கிண்ணம்போல் படத்தின் பக்கமாகக் குழிந்து கிடந்தன. ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கித் தன்னோடு அட்டையையும் இழுக்கும் என்பது நூல்கட்டும் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். எனக்கு அப்போது தோன்றவில்லை. பின்பக்கத்திலும் அதே தடிமன் உள்ள தாளை அதே பசையால் ஒட்டி, கனமான அகராதிகளுக்கு அடியில் ஓர் இரவு வைத்ததும் இழுப்பு இரு பக்கமும் சமமாகி, சீட்டுகள் பெரும்பாலும் நிமிர்ந்தன. நான்கு சீட்டுகள் நிமிரவே இல்லை. அவற்றைப் புதிதாகச் செய்தேன். பின்பக்கத் தாள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒருமுறை சறுக்கினேன்: தாள் தீர்ந்துபோய் ஆறு சீட்டுகளுக்குச் சற்றே வெளிறிய தாளை ஒட்டிவிட்டேன், அடுக்கிய கட்டின் நடுவிலும் அந்த ஆறும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றையும் உரித்து மாற்ற வேண்டியதாயிற்று. மூலைகளை ஒரு நாணயத்தை வைத்துக் கோடிட்டுக் கத்தரித்தேன். கூரிய மூலை இரண்டே நாளில் மடங்கிவிடுகிறது. முடிந்த கட்டின் உயரம் ஏறத்தாழ இரண்டு செ.மீ.

கைவேலை முடிந்ததும் உள்ளடக்கம் சொதப்பியது. முதல் பதிப்பில் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல் எழுதியிருந்தேன்: துணிவு, மலர்ச்சி, பொறுமை, ஊற்று, ஒளி. பத்து நாள் பயன்படுத்தினேன். ஒவ்வொரு காலையும் யாரோ முதுகில் தட்டிக்கொடுத்ததுபோல இருந்ததே தவிர, அத்தியாயத்தில் ஒரு வரியும் அசையவில்லை. “பொறுமை” என்ற சொல்லை ஐந்து நிமிடம் விவரிக்க முடியாது. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவும் ஓவியர் பீட்டர் ஷ்மிட்டும் 1975இல் வெளியிட்ட ‘ஆப்ளிக் ஸ்ட்ராட்டஜீஸ்’ என்ற சீட்டுத் தொகுப்பில் படமே கிடையாது. தேங்கி நிற்கும் கலைஞர் ஒன்றைச் செய்துபார்க்கத் தூண்டும் சிறு வாசகங்களே உண்டு. ஆறுதல் சொல்லும் சீட்டுக்கும் வேலை வாங்கும் சீட்டுக்கும் உள்ள தொலைவை அது எனக்குக் காட்டியது. ஆனால் ஏவல் வாக்கியங்களை நானே உட்கார்ந்து புனைந்தால் அவையும் பள்ளிச் சுவரில் எழுதும் பொன்மொழிகளாகிவிடும் என்ற அச்சம் இருந்தது.

ஆகவே குறிப்பேட்டுக்கே திரும்பினேன். விவரிப்புகளிலிருந்து, எழுதிய நாளில் முக்கியம் என்று நினைக்காத வரிகளாகப் பார்த்து 36 வரிகளை எடுத்தேன். “பின்னே இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன.” “பாதங்கள் கட்டப்படவில்லை.” “ஊர் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை.” “மீன் கோப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது, இவன் வியக்கவில்லை.” கடைசியாகச் சொன்னது கோப்பை ஏவலன் சீட்டைப் பற்றியது. இந்த வரிகளைச் சிறு காகிதப் பட்டைகளில் எழுதி, சீட்டுகளைக் கவிழ்த்து வைத்து, எந்தப் படத்துக்கு எந்த வரி என்று பார்க்காமல் ஒவ்வொன்றாக இணைத்து எண்ணிட்டு, பிறகு திருப்பிப் படத்தின் கீழே ஒட்டினேன். பொருத்தமில்லாத இணைகள் பல உண்டு. மழையில் நிற்கும் மிதிவண்டியின் கீழே மீன் எட்டிப் பார்க்கிறது. அவற்றை மாற்றக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

இருந்தும் ஒரு குறை மீதமிருந்தது. நானே செய்த கட்டு ஆதலால், மூன்று வாரத்தில் 36 சீட்டுகளும் மனப்பாடமாகிவிட்டன. திருப்பும்போது வியப்பு இல்லை. இதற்கு நான் கண்ட வழி, டாரட் கட்டிலிருந்து ஒரு படமும் என் கட்டிலிருந்து ஒரு வரியும் சேர்த்து எடுப்பது. என் சீட்டின் வரியை அந்த டாரட் படத்தைப் பற்றி யாரோ சொன்ன வரியாகப் பாவித்து, அது எந்த வகையில் உண்மையாகும் என்று ஐந்து நிமிடம் எழுத வேண்டும். இணைகளின் எண்ணிக்கை 2808 என்பதால் மனப்பாடத்துக்கு இடமில்லை. துறவிச் சீட்டில் பனிமலைமேல் விளக்கேந்தி நிற்கும் முதியவருக்கு “பின்னே இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன” என்ற வரி வந்த காலையில், அவருக்குப் பின்னே யார் நிற்கக்கூடும் என்று தேடித் தேடி எழுதியதில் ஏழாம் அத்தியாயத்தின் இறுதிக் காட்சி கிடைத்தது: அண்ணனும் தம்பியும் தந்தையின் கடையில், மின்சாரம் போன பிறகு, கைவிளக்கை யார் பிடிப்பது என்று பேசிக்கொள்ளாமலே மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள்.

மூன்று சீட்டு, பத்துச் சீட்டு என்று பரப்பி வைக்கும் விரிப்புகளையும் முயன்றேன். பத்துச் சீட்டு எடுக்கும் ‘கெல்டிக் சிலுவை’ விரிப்பில் இரண்டரை மணி நேரம் போயிற்று. எழுத வேண்டிய நேரம் முழுவதும் சீட்டு பார்ப்பதிலேயே கரைந்த நாள் அது ஒன்றுதான். அதை மறுபடி செய்யவில்லை.

தற்போதைய நிலவரம் இது. குறுநாவலின் எட்டு அத்தியாயங்களும் முதல் படியாக முடிந்துவிட்டன. ஆறாம் அத்தியாயம் பலவீனமானது, சீட்டுகள் அதற்கு இதுவரை உதவவில்லை. அந்த அத்தியாயத்துக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கை மறுபடியும் பல்சக்கரங்களையே எழுதுகிறது. என் கட்டில் இப்போது 33 சீட்டுகள் உள்ளன. இரண்டின் பசை விட்டுப்போயிற்று. மூன்றாவதை, “ஊர் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை” என்று எழுதிய சீட்டை, கட்டிலிருந்து எடுத்து ஆறாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் கவ்வி போட்டு மாட்டி வைத்திருக்கிறேன்.